தூங்கட்டும், விடு

"எழுப்பாதேன்னு சொன்னது நான். என் வாயால நான்தான் சொன்னேன், நீ இல்லே..."

"நீங்க சொன்னா? நீங்க சொன்னா நான் உட்றணுமா மாமி? கிளாஸ் எடுத்தது நானா நீங்களா?"

"நீ குனிஞ்சே. கையை நீட்டினே. பின்னாலேர்ந்து நான்தானே..."

"குனிஞ்சவ தொட்டுப் பாத்திருக்கணும்ல. ஒரு தபா தொட்டிருக்கணும்ல."

"நான் சொல்லிண்டே இருக்கேன், நீ குறுக்கே குறுக்கே பேசிண்டு..."

"நீங்கதான் மாமி குறுக்க பேசறீங்க."

கோட்டூர்புரம் வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஈரத்துணி காயும் குறுகலான நடையில் இந்தப் பேச்சு நடந்தது. விசாலாக்ஷி வாசற்படிக்கு வெளியே நின்றாள். யோகா சொல்லிக்கொடுக்கும் அன்புக்கரசி உள்ளே நின்றாள். உள்ளே வாங்க என்று அவள் எத்தனையோ தரம் கூப்பிட்டாயிற்று, மாமி அசையவில்லை. புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லி வளர்த்த குடும்பம். மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்து, மூன்று மாடி ஏறி, மூச்சிறைக்க வந்தாகிவிட்டது. ஆனாலும் இந்த ஒரு நிலைப்படியை மட்டும் தாண்டமாட்டேன் என்று நின்றாள்.

அன்புவின் மாமியார் சுப்பம்மா உள்ளே தரையில் காலை நீட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இன்னா பொம்பளைங்க நீங்க. ஊர்ல தப்ப அடுத்தவ தலையில கட்டத்தான் சண்ட போடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் எனக்குத்தான் எனக்குத்தான்னு புடுங்கிக்கினு கீறீங்க. எமன்னு ஒருத்தன் கீறான், அவன இன்னாடான்னு யாரும் கேக்கல."



சண்டை பத்ரிநாராயணனைப் பற்றியது. விசாலாக்ஷியின் கணவர். போய் இரண்டு மாதம் ஆகிறது.

பாங்க்கிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். சும்மா உட்காரத் தெரியாது அவருக்கு. தி. நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் போய்ச் சேர்ந்தார். வருஷத்தில் பாதி நாள் சாதாரணமாகப் போகும். கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்கள் வந்தால் வீட்டில் ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. காபி ஆறிப்போச்சு என்று கத்துவார், சுடுகிறது என்றும் கத்துவார். படுத்தால் தூக்கம் கிடையாது. அப்படியே கண் அசந்தாலும் பல்லை நறநறவென்று கடிப்பார். அந்தச் சத்தத்தில் விசாலாக்ஷி விழித்துக்கொள்வாள். பார்த்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டிருப்பார், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைக் கூட்டின டாக்டர், மாத்திரை மட்டும் போதாது சார், மனசு கொஞ்சம் இறங்கணும், யோகா கீகா போங்களேன் என்றார்.

யோகா தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது. அவர்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் அன்புக்கரசி காலையில் வகுப்பு எடுத்தாள். விசாலாக்ஷி முன்னமே போய்க்கொண்டிருந்தாள். அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். படுத்து எழுந்திருக்கிறதுக்கு ஒரு கிளாஸா, அதைத்தான் பிறந்ததிலேர்ந்து பண்ணிண்டிருக்கேனே என்று முனகிக்கொண்டே போனார்.

அன்புவும் இதற்கு நோயாளியாக வந்தவள்தான். பெருவெள்ளம் வந்த வருஷம் அவர்கள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். அடையாற்றுத் தண்ணீர் கதவு உயரத்துக்கு வந்தது. அதற்கப்புறம் மழை தூறினாலே நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி இருக்கும், கை காலெல்லாம் வேர்த்துவிடும். நெஞ்சில் ஒன்றும் இல்லை, பயம்தான் என்று சொல்லி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் யோகா பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே மூச்சு விடக் கற்றுக்கொண்டு, பிடித்துப்போய், பரீட்சை எழுதி, பிறகு பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாள். மழை இப்போதும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் மழையில் நடந்து வகுப்புக்கு வருவாள்.

முதல் நாள் பத்ரியைப் படுக்க வைத்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். கண்ணை மூடியிருந்தார். இரண்டு கையும் முஷ்டி பிடித்திருந்தது.

"மாமா, நீங்க படுத்துக்கினே யார் கூடவோ சண்ட போட்டுக்கினு கீறீங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அதிலிருந்து அவளிடம் ஒரு மரியாதை அவருக்கு.

அவள் பெரிதாக ஒன்றும் சொல்லித்தரவில்லை. தலைகீழாக நிற்க வைக்கவில்லை. கையைத் தூக்கு, இறக்கு, பூனை மாதிரி முதுகை வளை, நிமிர்த்து. அப்புறம் மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகம் என்றால் என் தொழிலில் அதற்கு நஷ்டம் என்று பெயர் என்றார் பத்ரி. இங்கே அதுதான் மாமா லாபம் என்றாள் அன்பு. பயந்தால் மூச்சு மேலே ஏறி நெஞ்சுக்குள் நின்றுகொள்ளும்; வெளிமூச்சை நீட்டினால், ஆபத்து போய்விட்டது என்று உடம்பு நம்பிக்கொள்ளும்; மனசுக்கு நாம் வாயால் சொன்னால் புரியாது, மூச்சு சொன்னால் புரியும் என்று தனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினாள்.

உடம்பு நம்பிக்கொள்ளத்தான் செய்தது. கொஞ்ச நாளில் பல் கடிப்பது குறைந்தது. காபி எப்படி இருந்தாலும் குடித்தார். ஒரு நாள் முகச்சவரம் செய்துகொண்டே ஏதோ ராகத்தை முனகினார். விசாலாக்ஷி குழாயை மூடிவிட்டு நின்று கேட்டாள். கல்யாணமான புதிதில் கேட்டதுதான், அப்புறம் இல்லை. பிள்ளை பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோது இதைத்தான் முதலில் சொன்னாள். அப்பா பாடறார்டா என்று.

எல்லாவற்றையும்விட, வகுப்புக் கடைசியில் சவாசனம். பாயில் மல்லாந்து படுத்து, கை காலை அகட்டிப் போட்டு, உடம்பை ஒவ்வொரு இடமாகத் தளர்த்தச் சொல்வாள் அன்பு. கால் விரலில் ஆரம்பித்து அவள் முழங்காலுக்கு வருவதற்குள் பத்ரியிடமிருந்து குறட்டை கிளம்பிவிடும். மற்றவர்கள் வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பார்கள். வீட்டில் வராத தூக்கம் அவருக்கு அங்கே வந்தது. அன்றிலிருந்து அந்த மொட்டைமாடியில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. தூங்குகிறவரை எழுப்புவதில்லை. ஏழெட்டுப் பேரும் பாயைச் சத்தமில்லாமல் சுருட்டுவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படியிறங்கிக் கீழே போய்த்தான் மாட்டிக்கொள்வார்கள். பத்ரி தானாக எழுந்து, பின்மண்டை முடி கலைந்து, குழந்தை மாதிரி முகத்தோடு காபிக்கு இறங்கி வருவார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி நான் தூங்கப் பண்ணலை, நீ ஒரு பாயைப் போட்டுத் தூங்கப் பண்ணிட்டியே என்று விசாலாக்ஷி அன்புவை வம்புக்கு இழுப்பாள்.

அன்றைக்குக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி வாரம். முதல் நாள் ராத்திரி ஆபீஸிலிருந்து நேரங்கழித்து வந்தவர் கண்ணை மூடவே இல்லை. காலையில் விசாலாக்ஷி, இன்றைக்கு வேண்டாமே, இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். அங்கே போனால்தான் தூக்கம் வரும் என்று பாயை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் படியேறினார்.

படுத்தார். அன்றைக்குக் குறட்டை இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டும்போது அன்பு அவரிடம் போனாள். வெயில் வந்துவிடுமே, எழுப்பலாம் என்று நினைத்தாளோ, குறட்டை இல்லையே என்று நினைத்தாளோ, அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. குனிந்து கையை நீட்டினாள்.

"தூங்கட்டும், விடு. ராத்திரி பூரா தூங்கலை" என்று விசாலாக்ஷி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

அன்பு கையை இழுத்துக்கொண்டாள். காற்று அடிக்கிறதே என்று ஒரு துணியை அவர் காலில் போர்த்திவிட்டாள். எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

டிகாக்‌ஷன் இறங்கி, பால் காய்ந்து, ஆடை படிந்தது. விசாலாக்ஷி மேலே போனாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எப்போது நின்றது என்று அவளும் கேட்டாள், பிள்ளையும் கேட்டான். பாயைச் சுருட்டுவதற்கு முன்னாலேயே இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம், சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லைத்தான் இரண்டு பெண்களும் இரண்டு மாதமாக ஆளுக்கொரு வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த அன்றைக்கு அன்பு வந்திருந்தாள். பிள்ளை ஸ்ரீகிருஷ்ணா, வந்தவர்கள் எல்லோர் முன்னாலும், ஒரு மனுஷன் தூங்கறானா இல்லையான்னு பார்க்கத் தெரியாதவங்க எதுக்குக் கிளாஸ் எடுக்கணும் என்று கேட்டான். குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. நான்தாண்டா விடச் சொன்னேன் என்று விசாலாக்ஷி உடனே சொன்னாள். நீ சும்மா இரும்மா, எல்லாருக்கும் பரிஞ்சு பேசுவே என்றான். அன்பு படியிறங்கிப் போனாள். அப்புறம் மந்தைவெளிப் பக்கமே வரவில்லை.

இப்போது விசாலாக்ஷி அவளைத் தேடி வந்து நிற்கிறாள்.

என்ன வேண்டும் என்று அன்பு கேட்டதற்கு, முதலில் ஏதேதோ சொன்னாள். அவள் குழந்தை கயல் எந்த வகுப்பு, புருஷன் மதிவாணனின் ஆட்டோ ஓடுகிறதா என்றெல்லாம் கேட்டாள். அப்புறம் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

மற்றதெல்லாம் அவளால் தானாகச் செய்ய முடிகிறது. காலையில் எழுந்து முதுகை வளைத்து நிமிர்த்துகிறாள். மூக்கு மாற்றி மூச்சு விடுகிறாள். அதனால்தான் அடுப்பு எரிகிறது, ஸ்வாமிக்கு விளக்கு எரிகிறது, பிள்ளையிடம் போனில் சாதாரணமாகப் பேச முடிகிறது. ஆனால் படுக்க முடியவில்லை. முதுகு தரையில் பட்ட மாத்திரத்தில் தன் மூச்சைத் தானே கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். வந்தது, போனது, அடுத்தது வருமா என்று காத்திருக்கிறாள். காத்திருந்தால் வருவதும் சரியாக வராது. துடித்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ராத்திரியெல்லாம் ஹால் சோபாவில் உட்கார்ந்தபடியே. தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கம் இல்லை, கிணற்றில் தள்ளி மூடிவைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். இப்போது அவளும் பல்லைக் கடிக்கிறாளாம். தாடை வலிக்கிறதாம்.

"நாளைக்கு வா அன்பு. என்னைப் படுக்க வை."

அன்பு தலையை ஆட்டினாள்.

"அது மட்டும் முடியாது மாமி."

"ஏன் முடியாது?"

"இப்ப நான் யாரையும் படுக்க வைக்கறதில்ல."

உண்மைதான். அடையாறில் ஒன்று, தி. நகரில் ஒன்று என்று இரண்டு வகுப்புகள் இருந்தன. இரண்டிலும் கடைசியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி முடித்துவிடுவாள். தரை குளிராக இருக்கிறது என்பாள், நேரமாகிவிட்டது என்பாள். சவாசனம் ஏன் இல்லை என்று அடையாறுப் பெண்கள் கேட்டுக் கேட்டு, அதுக்குத்தானே நாங்க வரதே என்று சலித்துக்கொண்டு, சிலர் நின்றும் போனார்கள்.

"எங்களையே தூங்க உடமாட்டேன்றா" என்றாள் சுப்பம்மா. "நடுராத்திரில எழுந்து வந்து எம் மூக்குல வெரல வெச்சிப் பாக்கறா. திருடன்னு நெனச்சி ஒரு அறை உட்டேன். புள்ள மூக்குலயும் வெக்கறா. அது பயந்து அழுவுது."

சும்மா இரு அத்தை என்றாள் அன்பு.

விசாலாக்ஷி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண் இளைத்துப்போயிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கழுத்தெலும்பு தெரிந்தது. மாடி ஏறின களைப்பு, சண்டை, இரண்டு மாதமாகத் தூங்காதது எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டின மாதிரி மூச்சு நெஞ்சுக்கு மேலே போய் நின்றுகொண்டது. கையால் சுவரைத் தேடினாள். கண் இருட்டியது. உதட்டைச் சுற்றி வேர்த்தது.

அன்பு யோசிக்கவில்லை. எட்டி இரண்டு தோளையும் பிடித்து நிலைப்படிக்கு உள்ளே இழுத்தாள். சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, முதுகில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள இழுக்காதீங்க. அதான் மேல நிரம்பிக்கினு கீது. வெளிய உடுங்க. வாயால உடுங்க. ஊதுங்க. இன்னும். அவ்ளோதான். அது வரும், தானா வரும், நீங்க வெளிய உடறத மட்டும் பாருங்க."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மாமியின் விரல்கள் அன்புவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தன. அன்பு தானும் கூடவே ஊதினாள், அவளுக்குக் கேட்கிற மாதிரி, நீளமாக. அப்புறம் வாயை மூடி வண்டு மாதிரி முரலச் செய்தாள். மாமியின் முரல்வு நடுங்கிக்கொண்டே வந்தது, அறுந்தது, மறுபடி வந்தது. முதுகில் வைத்திருந்த உள்ளங்கையில் அந்த அதிர்வு இறங்குவது அன்புவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகங்கள் தளர்ந்தன. முகத்துக்கு நிறம் வந்தது.

சுப்பம்மா கீரையை ஒதுக்கிவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உள்ள வந்துட்டேனே" என்றாள் விசாலாக்ஷி, நிலைப்படியைப் பார்த்து.

"வந்தா இன்னா. மூச்சு நின்னா மட்டும் நல்ல சகுனமா? குடி மொதல்ல" என்றாள் சுப்பம்மா.

குடித்தாள். சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கேட்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வி. வந்ததே அதற்காகவும்தானோ என்னவோ.

"நீ குனிஞ்சு பார்த்தியே. அப்ப அவர் கை எப்படி இருந்துது?"

அன்புவுக்கு அதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, அது போகாமல்தான் கண்ணுக்குள் நின்றது. வாயால் சொல்வதற்குத்தான் நேரம் பிடித்தது.

"தொறந்துதான் இருந்துச்சி மாமி. ரெண்டு கையும். வெரலெல்லாம் தொறந்து, உள்ளங்கை மேல பாத்து."

"நிஜமா சொல்றியா? எனக்காகச் சொல்லலையே?"

"உங்களுக்காகப் பொய் சொல்லணும்னா மூச்சு வந்துச்சின்னு சொல்லியிருப்பேன் மாமி."

விசாலாக்ஷி அழுதாள். பிணத்தை எடுத்தபோதும் இப்படி அழவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், உடம்பு மட்டும் குலுங்கக் குலுங்க. அன்பு முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. தானும் அழுதாளா என்றால், அவள் முகம் மாமியின் தோளுக்குப் பின்னால் இருந்தது. சுப்பம்மா மறுபடி கீரையை இழுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆயவில்லை.

நாளைக்கு வருகிறேன் என்று அன்பு சொன்னது, மாமியைக் கீழே கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றும்போதுதான்.

மறுநாள் காலை கார்த்திகை மழை விட்டிருந்தது. மொட்டைமாடித் தரையில் அங்கங்கே ஈரம். வகுப்பு நடத்தக் கூடாது என்று அடுக்ககச் சங்கம் சொல்லியிருந்ததால் கதவு பூட்டிக் கிடந்தது. விசாலாக்ஷி காவலாள் வடிவேலுவிடம் சாவி கேட்டாள். செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்தை, என்று அவன் இழுத்தான். வகுப்பு இல்லை, நான் என் பாயைப் போட்டுப் படுக்கப்போறேன், அதுக்கும் சங்கத்தைக் கேக்கணுமா என்றாள். கொடுத்துவிட்டான்.

மாமி பாயை நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பத்ரி கடைசியாகப் படுத்த இடத்தில் கொண்டுபோய் விரித்தாள். அன்பு அதன் ஒரு முனையைப் பிடித்து மாடிப்படி அறையின் பக்கம் இழுத்தாள். மாமி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயே. வேற இடத்துல படுத்தா, அங்கே படுத்துண்டு இந்த இடத்தையேதான் நெனச்சுண்டிருப்பேன்."

அன்பு பாயை விட்டாள். ஈரத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். கை கால் அசைவுகளைக் கொஞ்சம் செய்ய வைத்தாள், முதுகை வளைக்க வைத்தாள், நிறைய நேரம் மூச்சு விடச் செய்தாள். எல்லாம் முடிந்தது. இனிமேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

எப்போதும் எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்பவள், அன்றைக்கு மாமியின் இடுப்புக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒவ்வொண்ணா சொல்லுவேன் மாமி. நீங்க ஒவ்வொண்ணுக்கும் ம்னு சொல்லணும். ம் வரலைன்னா நான் எழுப்பிடுவேன். அப்பால திட்டக் கூடாது."

கதை கேட்கிற குழந்தை மாதிரியா என்று கேட்டாள் விசாலாக்ஷி. எழுப்பு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு பாயில் உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றி, ஒருக்களித்து, மெல்ல மல்லாந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணை மூடவில்லை. வானத்தையே பார்த்தாள். மூச்சு ஓடி ஓடி வந்தது. எழுந்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது.

அன்பு அவள் புறங்கையில் தன் விரல்களை வைத்தாள். அந்த விரல்களும் குளிர்ந்துதான் இருந்தன.

"வலது கால் கட்டவெரலு. அத உட்டுடுங்க."

"ம்."

"மத்த வெரலுங்க. உள்ளங்கால். குதிகால்."

"ம்."

"கெண்டைக்கால். தரையே தாங்கிக்கும், நீங்க தாங்க வேணாம்."

"ம்."

கீழே தெருவில் பால் வண்டி போயிற்று. யாரோ வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கினார்கள். அன்பு முழங்காலுக்கு வந்தாள், தொடைக்கு வந்தாள். அடுத்த காலுக்குப் போனாள். சொல்லும்போது அவள் குரல் இரண்டு மாதத்துக்கு முன் இருந்த மாதிரி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அப்புறம் நின்று, ம் வந்த பிறகுதான் அடுத்த சொல்லுக்கு அடி வைத்தாள். இடுப்பு வந்தபோது மாமி கண்ணை மூடியிருந்தாள். வயிறு வந்தபோது ம் கொஞ்சம் பிந்தி வந்தது. அன்பு பயந்து கையை அழுத்தினாள். இருக்கேண்டி என்றாள் விசாலாக்ஷி, கண்ணைத் திறக்காமல். தொடர்ந்தார்கள்.

தாடை என்றாள் அன்பு. பல் ஒன்றையொன்று தொட வேண்டாம் என்றாள். மாமியின் உதடு லேசாகப் பிரிந்தது. கன்னத்தில் இரண்டு மாதமாக இறுகியிருந்த முடிச்சு அன்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. ம் என்றது சொல்லாக இல்லை, மூச்சோடு கலந்த ஓர் ஒலியாக வந்தது.

"கண்ணு ரெண்டும். நெத்தி."

ம் வரவில்லை.

அன்பு அப்படியே இருந்தாள். எழுப்பிவிடுவேன் என்று சொன்னது அவள்தான். எழுப்பு என்று மாமியும் சொல்லியிருக்கிறாள். கையைத் தூக்கினாள், மாமியின் தோளுக்கு மேலே, தொடாமல் வைத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். வயிற்றில் புடவை மடிப்பு உயர்ந்தது. தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் வெகுநேரம் நின்றது, மறுபடி உயர்ந்தது. மூக்கிலிருந்து வந்த மூச்சு அவள் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. இந்த மனுஷிக்கு இரண்டு மாதத்தில் வந்த முதல் தூக்கம் இது. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை இறங்கவில்லை. தொட்டால் தூக்கம் போய்விடும். தொடாமல் இருக்கவும் முடியாது போலிருந்தது.

வெயில் தொட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. அன்பு தன் மூச்சை நீளமாக வெளியே விட்டாள். இன்னொரு தரம் விட்டாள். கையை மடியில் போட்டுக்கொண்டு, காற்றுக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"மாமி, தூங்கிட்டீங்களா?"